கூரைச் சாளரமும் காற்றின் இரைச்சலும்

வெற்றுப் போத்தல் ஒன்றின் வாயை உதட்டருகே வைத்து, அதன் விளிம்புக்குக் குறுக்கே ஊதிப் பார்க்காத சிறுவர் இலர். ஊதும் காற்றுக்குத் தனியே நாதமில்லை. போத்தலுக்கும் தனியே நாதமில்லை. இரண்டும் கூடும்போது 'பூம்' என்றொரு நாதம் பிறக்கின்றது. போத்தலிலே பாதியளவு நீரை வார்த்து ஊதினால் அந்த நாதத்தின் சுருதி உயருகின்றது. சிறுவர்களின் இந்த விளையாட்டுக்கும், கார் வைத்திருக்கும் பெரியவர்கள் பலரின் மனக்குறை ஒன்றுக்கும் நெருங்கிய உறவு உண்டென்றால் நேயர்கள் வியப்படையலாம்.

அம்மனக்குறை யாதெனின், காரின் கூரையிலே அமைந்த சாளரத்திலிருந்து எழும் காற்றின் இரைச்சலாகும். சன்ரூஃப் என்று பலரும் வழங்கும் இந்தக் கூரைச் சாளரம் புதியதொன்றன்று. அமெரிக்காவிலே நாஷ் கம்பனியார் 1937ஆம் ஆண்டிலேயே இதனைத் தங்கள் கார்களில் அமைத்தனர். இன்று நமது நாட்டிலே ஓடும் கார்கள் பலவற்றிலும், சிறப்பாக ஜப்பானிலே சில காலம் ஓடிப் பின்னர் இங்கு வந்து சேர்ந்தவற்றிலும், இது காணப்படுகின்றது. நகரத் தெருக்களிலே மெல்ல ஓடும்வரை இச்சாளரம் ஊமையாகவே இருக்கும். கொட்டாவைக்கும் காலிக்கும் இடையே தெற்கு அதிவேகப் பாதை 2011 நவம்பரிலே திறக்கப்பட்டு, மணிக்கு 100 கிலோமீற்றர் வரை செல்லும் வாய்ப்புக் கிடைத்த பின்னரே, அந்த ஊமைக்கும் வாயுண்டு என்பதைப் பலர் அறிந்தனர்.

கொழும்பிலே வாழும் குடும்பம் ஒன்றின் அனுபவம் இவ்விடயத்தை நன்கு விளக்கும். குடும்பத் தலைவரின் தங்கை காலியிலே வைத்தியராகக் கடமையாற்றுபவர். மாதம் ஒருமுறை மகளைப் பார்த்து வருவது வயது முதிர்ந்த தாயாரின் வழக்கம். பழைய காரை விற்றுவிட்டுக் கூரைச் சாளரம் உள்ள கார் ஒன்றை மகன் வாங்கினார். இரண்டு பயணங்கள் முடிந்தன. மூன்றாவது மாதம் தாயார், "தம்பி, நீங்கள் போய் வாருங்கள். எனக்கு அந்தக் காரில் ஏறினால் காது அடைக்கிறது, வீடு வந்து சேர்ந்தாலும் தலைக்குள்ளே இரைகிறது" என்று சொல்லிவிட்டார். முதுமையின் குறையென்று மகன் முதலில் எண்ணினார். ஆனால் அதிவேகப் பாதையிலே ஒரு மணி நேரம் ஓட்டிய பின்னர்த் தமக்கும் களைப்பு மிகுவதையும், அருகிலிருக்கும் மனைவியுடன் பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டியிருப்பதையும் அவர் மெல்ல உணர்ந்தார். இடையறாத இரைச்சல் சாரதியின் கவனத்தைத் தேய்க்கும்; ஆகவே இஃது ஆபத்தோடு தொடர்புடைய காரியமும் ஆயிற்று.

அவர் ஒரு கராஜுக்குச் சென்றார். அங்கிருந்தவர்கள் காரை ஓட்டிப் பார்க்காமலே, சாளரத்தைச் சுற்றியுள்ள இறப்பர் முழுவதையும் மாற்ற வேண்டுமென்றும், அது வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமென்றும் கூறி, பெருந்தொகையொன்றைக் குறித்துக் கொடுத்தனர். பணத்தைக் கட்டுமுன் அவர், தமது பழைய காரைப் பல்லாண்டு பராமரித்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் யோசனை கேட்டார். அம்முதியவர் சாளரத்தைத் தொட்டும் பார்க்கவில்லை. "ஐயா, சத்தம் எப்போது வருகிறது? சாளரம் திறந்திருக்கும்போதா, மூடியிருக்கும்போதா? என்ன வேகத்திலே தொடங்குகிறது? அடிக்கிற சத்தமா, சீறுகிற சத்தமா?" என்று கேட்டார். கார்க்காரரிடம் விடையில்லை. நாடி பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியனை எவரும் நம்புவதில்லை. ஆயினும் இயந்திரங்களின் நோய்க்கு மட்டும் மருந்தை முதலில் வாங்கிவிட்டு நாடியைப் பின்னர்ப் பார்க்கும் வழக்கம் பலரிடம் உண்டு.

மறுநாள் காரை ஓட்டிப் பார்த்து அவர் கொண்டுவந்த விடை வருமாறு: சாளரம் திறந்திருக்கையில் மணிக்கு 60 கிலோமீற்றர் அளவிலே, பறையை அறைவது போன்ற ஒரு துடிப்பு, மூடியிருக்கையில் 80 கிலோமீற்றருக்கு மேலே, பாம்பு சீறுவது போன்ற ஓர் இரைச்சல். ஒரு நோய் என்று அவர் எண்ணியிருந்தவை இரண்டு நோய்கள். அவை பிறக்கும் விதம் வேறு. தீர்க்கும் வழியும் வேறு.

துடிப்பை முதலில் நோக்கலாம். போத்தல் இங்கேதான் வருகின்றது. காரின் உட்புறம் ஒரு பெரிய போத்தல். திறந்த கூரைச் சாளரம் அதன் வாய். கூரையின் மேலாக ஓடிவரும் காற்று, சாளரத்தின் முன்விளிம்பைக் கடந்ததும் சிறு சிறு சுழல்களாக உடைகின்றது. அச்சுழல்கள் திறப்பைத் தாண்டிச் சென்று பின்விளிம்பிலே மோதுகின்றன. ஒவ்வொரு மோதலும் காரினுள்ளே இருக்கும் வளியைச் சிறிது அமுக்குகின்றது. உள்ளேயுள்ள வளி சுருள்வில்லைப் போன்று இயங்க, வாயிலுள்ள வளி அவ்வில்லிலே தொங்கும் பாரத்தைப் போன்று மேலும் கீழும் ஆடுகின்றது. சுழல்கள் மோதும் கதியும், இவ்வில்லும் பாரமும் ஆடும் இயற்கைக் கதியும் ஒன்றாகும் வேகத்தை வாகனம் அடையும்போது, ஊஞ்சலைச் சரியான தருணத்திலே தள்ளுவதுபோல ஆட்டம் பெருகிவிடுகின்றது. பௌதிகவியலார் இதனைப் பரிவு என்பர். ஜெர்மனிய அறிஞர் ஹேர்மன் ஹெல்ம்ஹோல்ற்ஸ் உட்குழிவான கோளங்களைக் கொண்டு இத்தகைய பரிவை ஆராய்ந்து, 1863இல் வெளியிட்ட தம் நூலிலே விளக்கியமையால், அது இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

போத்தல் சிறியது, ஆதலின் அதன் சுருதி உயர்ந்தது. காரின் உட்புறமோ மிகப் பெரியது. ஆதலின் அதன் மீடிறன் செக்கனுக்கு ஏறத்தாழ 20 அளவிலேயே இருக்கும். மனிதச் செவி கேட்கக்கூடிய ஒலியின் கீழெல்லையும் ஏறத்தாழ அதுவே. எனவே இத்துடிப்பைக் காது ஓசையாகக் கேட்பதைவிட, அமுக்கமாக உணர்வதே அதிகம். அதன் வலிமை 100 டெசிபெலைக் கடப்பதும் உண்டு. காது அடைக்கிறது என்று அத்தாயார் கூறியது முதுமையின் முறைப்பாடன்று. பௌதிகவியலார் அளந்து கூறும் உண்மையை அவர் தம் சொற்களிலே கூறினார்.

இதற்குப் பரிகாரம் யாது? வாகனத்தை ஆக்கியோரே ஒன்றை அமைத்திருக்கின்றனர். சாளரம் திறக்கும்போது அதன் முன்விளிம்பிலே ஒரு மெல்லிய பட்டியோ வலைத்துணியோ எழுந்து நிற்கும். அது காற்றைச் சற்று மேலே திருப்பி, சுழல்கள் பின்விளிம்பிலே ஒழுங்காக மோதாதவாறு குலைத்துவிடும். காரை நிறுத்திவைத்துச் சாளரத்தைத் திறந்து, இந்தக் காற்றுத் திருப்பி இருபுறமும் ஒரே அளவாக எழுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். மேற்கூறிய காரிலே அதன் இடப்புறம் எழவில்லை. மாமரத்தின் கீழே காரை நிறுத்தும் வழக்கத்தினால், காய்ந்த காம்பொன்று அதனை உயர்த்தும் சிறு வில்லினடியிலே சிக்கியிருந்தது. காம்பை எடுத்து, மென்மையான தூரிகையால் தூசியைத் துடைத்ததும் திருப்பி நிமிர்ந்தது. துடிப்பிலே பெரும்பகுதி மறைந்தது.

எஞ்சிய சிறுபகுதிக்கும் எளிய வழியுண்டு. பின்புறக் கண்ணாடி ஒன்றை இரண்டு விரற்கடை இறக்கினால், போத்தலின் பக்கத்திலே ஒரு துளை இட்டதுபோல் ஆகும், பரிவு தளர்ந்துவிடும். சாளரத்தை முழுவதும் திறவாது சற்றுக் குறைத்துத் திறப்பதும் பயன்தரும். சில கார்களிலே சாளரம் முழுவதும் திறப்பதற்குச் சற்று முன்னரே தானாக நிற்பதைக் காணலாம். அது பழுதன்று, துடிப்பைத் தவிர்ப்பதற்காக ஆக்கியோரே தேர்ந்த இடமாகும்.

இனி மூடிய சாளரத்தின் சீறலை நோக்கலாம். இஃது இன்னும் நுட்பமானது. பாயும் வளியின் வேகம் கூடுமிடத்தில் அமுக்கம் குறையும் என்பது டானியல் பெர்னூலி 1738இல் வெளியிட்ட நூலோடு தொடர்புபடுத்தப்படும் கொள்கை. கூரையின் வளைவின் மேலே காற்று விரைந்து செல்வதால் அங்கே அமுக்கம் குறைகின்றது. உள்ளிருக்கும் வளி வெளியேற முயல்கின்றது. கண்ணாடிப் பலகையும் மேல்நோக்கி இழுக்கப்படுகின்றது. ஆகவே, கார் நிற்கும்போது இறுகப் பற்றியிருக்கும் இறப்பர், ஓடும்போது அவ்வாறே பற்றியிருக்கும் என்று நம்புதல் கூடாது. மேலும், விளிம்புகளிலே காற்று மோதிப் பிறக்கும் ஒலியின் வலு, பொதுவாக வேகத்தின் ஆறாம் அடுக்கையொட்டி உயரும். மணிக்கு 70 கிலோமீற்றரிலிருந்து 100 கிலோமீற்றருக்குச் சென்றால், அவ்வலு எட்டு மடங்குக்கு மேலாகும். செவி அதனை ஏறத்தாழ இரு மடங்காக உணரும். நகரத்திலே கேளாத சத்தம் அதிவேகப் பாதையிலே திடீரெனத் தோன்றுவதன் காரணம் இதுவே.

சீறல் எங்கே பிறக்கின்றது? இதுவே தலையாய வினா. செவி இதிலே எளிதில் ஏமாறும். கண்ணாடியும் கூரைத் துணியும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால், முன்னே பிறந்த ஒலி பின்னே கேட்கும்; பக்கத்துக் கண்ணாடியிற் பிறந்தது கூரையிலே கேட்கும். அக்குடும்பத் தலைவரும் சாளரத்தின் பின்விளிம்பே குற்றவாளி என்று உறுதியாக நம்பியிருந்தார். முதிய மெக்கானிக் அவரோடு வாதிடவில்லை. பெயின்ற் பூசுவோர் விளிம்புகளை மறைக்க ஒட்டும் காகித நாடா ஒரு சுருளை வாங்கும்படி மட்டும் கூறினார்.

முறை இதுதான். சாளரத்தை நன்கு மூடி, கூரையைத் துடைத்து உலர்த்தி, நான்கு விளிம்புகளின் மேலும் அந்நாடாவை இடைவெளியின்றி அழுத்தி ஒட்டுதல் வேண்டும். பொதி கட்டும் தடித்த நாடா வேண்டாம். அதன் பசை வர்ணத்தைக் கெடுக்கும். நாடா ஒட்டியிருக்கையில் சாளரத்தைத் திறத்தல் ஆகாது. வெயிலிலே நெடுநேரம் விட்டுவைத்தலும் ஆகாது. காற்று அமைதியான காலைப்பொழுதைத் தெரிந்து, கண்ணாடிகளை மூடி, குளிரூட்டியின் விசிறியையும் வானொலியையும் நிறுத்தி, ஒரே பாதையிலே ஒரே வேகத்தில் ஓடுதல் வேண்டும். ஓட்டுபவர் வீதியையே நோக்குக. கேட்கும் பணி உடனிருப்பவருடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் அவ்வாறே புறப்பட்டனர். கொட்டாவையிலிருந்து வெலிப்பென்ன ஓய்விடம் வரை சீறல் கேட்கவில்லை. ஆகவே சத்தம் கூரைச் சாளரத்துக்கு உரியதே என்பது முதலில் உறுதியாயிற்று. அதிவேகப் பாதையின் ஓரத்திலே நிறுத்துதல் ஆகாதாதலின், ஓய்விடத்திலேயே பின்விளிம்பின் நாடாவை உரித்தனர். காலி வரை அமைதி. கணவனின் நம்பிக்கை அங்கே உடைந்தது. தங்கையின் வீட்டிலே மதிய உணவு கொண்டபின், இரு பக்கங்களின் நாடாவையும் உரித்துவிட்டுத் திரும்பினர். வெலிப்பென்ன வரை மீண்டும் அமைதி. எஞ்சியிருந்த முன்விளிம்பின் நாடாவையும் அங்கே உரித்துப் பயணத்தைத் தொடர்ந்தபோது, சில நிமிடங்களிலேயே பழைய சீறல் எழுந்தது. மனைவி ஒரு சிறிய இறப்பர்க் குழாயின் ஒரு நுனியைக் காதிலே வைத்து, மறுநுனியை முன்விளிம்பின் நெடுகிலும் நகர்த்திக் கேட்டார். வலப்புற மூலையிலே ஒலி உரத்துக் கேட்டது.

நாடா ஒட்டியும் சத்தம் மாறாதிருந்தால் என்ன பொருள்? சாளரம் குற்றமற்றது என்பதே பொருள். அப்போது பக்கக் கண்ணாடி, முன்கண்ணாடியின் ஓரம், கதவின் இறப்பர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நாடாவால் மூடிச் சோதித்தல் வேண்டும். கூரையிலே பொருள் ஏற்றும் குறுக்குத் தண்டுகள் இருப்பின், அவற்றைக் கழற்றிவிட்டு ஓடிப் பார்த்தல் வேண்டும். உருண்டையான தண்டின் பின்னே சுழல்கள் மாறிமாறி உதிர்வதால் ஒலி பிறக்கும் என்பதை வின்சென்ஸ் ஸ்ட்ரௌஹால் 1878இல் ஆராய்ந்து காட்டினார். 30 மில்லிமீற்றர் பருமனுள்ள தண்டு, மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலே, செக்கனுக்கு ஏறத்தாழ 185 அதிர்வுகளோடு முரலும். அத்தண்டிலே ஒரு கயிற்றைச் சுருளாகச் சுற்றினால் சுழல்கள் ஒழுங்கிழந்து முரல்வு தணியும்.

அந்தக் காரின் வலப்புற முன்மூலைக்கு மீளலாம். நேரான அடிமட்டம் ஒன்றைக் கூரைக்கும் கண்ணாடிக்கும் குறுக்கே வைத்து நோக்கியபோது, அம்மூலை கூரையைவிட 2 மில்லிமீற்றர் உயர்ந்து நின்றது. கார்கள் பலவற்றுக்கும் பொருந்தும் விதி ஒன்றுண்டு: கண்ணாடியின் முன்விளிம்பு கூரையோடு சமமாகவோ ஒரு மில்லிமீற்றர் வரை தாழ்ந்தோ இருத்தல் வேண்டும், பின்விளிம்பு சமமாகவோ ஒரு மில்லிமீற்றர் வரை உயர்ந்தோ இருத்தல் வேண்டும். காரணம் எளிது. முன்விளிம்பு உயர்ந்தால், வரும் காற்றுக்கு அது ஒரு படியாகும். பின்விளிம்பு தாழ்ந்தால், அதற்குப் பின்னுள்ள கூரையின் ஓரம் ஒரு படியாகும். காற்று படியிலே இடறினால் ஓசை எழும். முன்னொருமுறை கூரையின் உட்துணியைக் கழற்றிப் பூட்டியபோது அம்மூலை பிசகியிருக்கலாம்.

திருத்தமும் எளிதாயிற்று. முதலில், கண்ணாடியைச் சுற்றியுள்ள பீலியிலே படிந்திருந்த மணலும் சருகும் ஈரத்துணியால் அகற்றப்பட்டன. மணல் ஒரு பருக்கை இருப்பினும் இறப்பர் அவ்விடத்திலே படியாது. பின்னர், பக்கத்து மறைப்பை நீக்கி, கைநூலிலே காட்டியபடி திருகாணியைத் தளர்த்தி, மூலையைத் தாழ்த்தி, மீண்டும் இறுக்கினர். பிறகு காகிதச் சோதனை நடைபெற்றது. ஒடுங்கிய தாள் ஒன்றை இறப்பரின் மேல் வைத்துச் சாளரத்தை மூடி, மெல்ல இழுத்துப் பார்த்தனர். நாற்புறமும் ஒரே அளவான பிடிப்பு இருத்தல் வேண்டும். தாள் வழுக்கி வருமிடத்திலே குறையுண்டு. இறுதியாக, இறப்பர்ப் பட்டிக்குச் சிலிக்கன் பசை மெல்லியதாகப் பூசப்பட்டது. மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் பூசுதல் தவறு. அவை இறப்பரை ஊதச்செய்து கெடுக்கும்.

பற்றறியைக் கழற்றிப் பூட்டிய பின்னர்ச் சீறல் தொடங்கியதாயின் வேறொன்றையும் நினைத்தல் வேண்டும். சில கார்களிலே சாளரத்தை இயக்கும் மோட்டார், தான் நிற்கவேண்டிய இடத்தை மறந்து, முழுவதும் மூடுவதற்குச் சற்று முன்னரே நின்றுவிடும். கைநூலிற் கூறியவாறு ஆளியைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் அது தன் இடத்தை மீண்டும் கற்றுக்கொள்ளும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

ஆனால் ஒரு தவற்றை மட்டும் எவரும் செய்தலாகாது. சத்தத்தை அடக்கும் அவசரத்திலே, பீலியினுள்ளே பஞ்சை அடைப்போரும், விளிம்பைப் பசையால் நிரந்தரமாக ஒட்டிவிடுவோரும் உளர். கூரைச் சாளரத்தின் இறப்பர், மழைநீர் முழுவதையும் தடுப்பதற்காக அமைந்ததன்று. சிறிது நீர் உள்ளே கசியும் என்று எதிர்பார்த்தே சுற்றிலும் பீலி வைக்கப்பட்டிருக்கின்றது. அந்நீர் மூலைகளிலுள்ள மெல்லிய குழாய்களின் வழியே கீழிறங்கி வெளியேறும். பீலியை அடைத்தால் நீருக்குப் போக்கிடம் இல்லை. நமது நாட்டின் மாரிமழை ஒன்று பெய்தால், நீர் கூரைத் துணியை நனைத்து, ஆசனத்திலும் மின்கம்பிகளிலும் இறங்கும். இரைச்சலை நீக்கப் போய் நீரை உள்ளே அழைத்த கதையாகிவிடும். ஆகவே, பீலியைத் துப்புரவு செய்யும்போதே ஒரு சிறு கோப்பை நீரை மூலையிலே வார்த்து, அது காரின் அடியிலே சொட்டுகின்றதா என்று பார்த்தல் நன்று. சொட்டாவிடின், மிகுந்த அமுக்கமுள்ள காற்றைச் செலுத்துதல் கூடாது; உள்ளே குழாய் கழன்றுவிடும்.

இறப்பர் வெடித்தோ தட்டையாகியோ போயிருந்தால் அதனை மாற்றத்தான் வேண்டும். அம்முடிவு வரிசையின் கடைசியில் வரவேண்டியது. கேட்டறிதல், மூடிப் பார்த்தல், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தல், துப்புரவாக்கல், அளத்தல், சீராக்கல் என்னும் இவ்வளவும் முடிந்த பின்னரே புதியதை வாங்குதல் முறையாகும். ஒரே நேரத்திலே இரண்டை மாற்றுபவர், சத்தம் நின்றாலும் எதனால் நின்றது என்பதை அறியார். மீண்டும் வரும்போது மீண்டும் திகைப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாடா ஏதுமின்றி அவர்கள் மீண்டும் ஓடிப் பார்த்தனர். 100 கிலோமீற்றர் வேகத்திலும் சக்கரங்களின் ஓசையே கேட்டது. சிறு சீறல் ஏதேனும் எஞ்சியுள்ளதா என்று மனைவி குழாயை வைத்துக் கேட்டார், இல்லை. கராஜார் குறித்துக் கொடுத்த தொகை வீட்டிலே மிஞ்சிற்று. செலவானது ஒரு சுருள் காகித நாடாவும், சிறிது சிலிக்கன் பசையும், முதிய மெக்கானிக்கின் அரைநாட் கூலியுமே.

அடுத்த மாதம் தாயாரை அழைத்தபோது அவர் தயங்கினார். "அம்மா, வெலிப்பென்ன வரை வந்து பாருங்கள், காது அடைத்தால் திரும்பிவிடுவோம்" என்றார் மகன். அம்மா ஏறினார். வெலிப்பென்ன வந்ததும் மகன் திரும்பிப் பார்த்தார். பின்னாசனத்திலே தாயார் நல்ல நித்திரையில் இருந்தார். அவரை எழுப்பாமலே கார் காலியை நோக்கிச் சென்றது.